பழைய பெயர்களுக்குப் புதுக் கடிதம்: தானாகப் போகும் மின்னஞ்சலின் வரலாறு

மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள்களில் ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது. ஒரு தானியங்கி மின்னஞ்சல் தொடரை எழுதி முடித்து, இயக்கிவிடப் போகிற நேரத்தில் அது கேட்கும்: இனிமேல் வந்து சேருகிற ஆக்களுக்கு மட்டும் அனுப்பவா, இல்லாட்டி ஏற்கனவே பட்டியலில் இருக்கிறவர்களையும் சேர்க்கவா? பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி. அதில் சரி போட்டால் அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முதல் பெயர் குடுத்துவிட்டு மறந்துபோன ஒருத்தருக்கு, "எங்களோடு இணைந்ததற்கு நன்றி" என்று இன்றைக்கு ஒரு கடிதம் போய்ச் சேரும்.

இதை விளம்பரக்காரரின்ர தலையிடி என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கும் மேலான ஒரு வாக்குவாதம் இருக்கிறது. ஒரு காலத்தில், ஒரு காரணத்துக்காகக் கொடுத்த முகவரியைப் பிறகொரு காலத்தில் வேறொரு காரணத்துக்குப் பாவிக்கலாமா? சம்மதம் என்பது ஒருமுறை கொடுத்தால் எப்போதைக்குமா, அல்லது அதற்கும் ஒரு காலாவதித் திகதி உண்டா? மின்னஞ்சலின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்த்தால், தொழில்நுட்பம் முன்னேறிய ஒவ்வொரு கட்டத்திலும் இதே பிரச்சினை வேறொரு உடுப்போடு திரும்பி வந்திருப்பது தெரியும்.

அச்சடித்த விபரக்கொத்திலிருந்து 393 பேர்

1978 மே மாதத்திலிருந்து தொடங்குவோம். அப்போது இன்ரநெற் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தில் ஓடிய அர்ப்பாநெற் என்ற வலையமைப்புத்தான் இருந்தது. அதில் இருந்தவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், அரசாங்க ஆக்களும், ஒப்பந்த நிறுவனங்களும். அவர்களின் பெயரும் முகவரியும் ஒரு விபரக்கொத்தாக அச்சடிக்கப்பட்டிருந்தன. ஒருவரையொருவர் வேலை விஷயமாகத் தொடர்புகொள்ள வேண்டும், அதற்காக.

டிஜிற்றல் எக்விப்மென்ற் கோப்பரேஷன் என்ற கணினிக் கொம்பனியில் சந்தைப்படுத்தல் வேலை பார்த்தவர் கேரி தேர்க். கொம்பனியின் புதிய டெக்சிஸ்டம்-20 கணினிகளைக் கலிபோர்னியாவில் காட்சிப்படுத்தப் போகிறார்கள். மேற்குக் கரையில் இருக்கிற எல்லோருக்கும் தனித்தனியாக எழுத அவருக்குப் பொறுமை இல்லை. அந்த விபரக்கொத்தை எடுத்து, அதிலிருந்த 393 முகவரிகளைத் தன்னோடு வேலை செய்த ஒருவரைக் கொண்டு தட்டச்சுச் செய்வித்தார். எல்லோருக்கும் ஒரே கடிதம். மின்னஞ்சல் நிரலில் முகவரிகளுக்கு இருந்த இடத்தில் 320தான் அடங்கின. மிச்சம் வழிந்து கடிதத்தின் உடலுக்குள்ளேயே போய் விழுந்தன. கடிதத்தைத் திறந்தால் முதலில் தெரிந்தது மற்ற ஆக்களின் முகவரிகள்தான்.

கோபம் உடனேயே வந்தது. வலையமைப்பை நிர்வகித்த பாதுகாப்புத் தொடர்பாடல் முகவரகம், இது விதிகளை அப்பட்டமாக மீறிய செயல் என்று எழுதியது. தேர்க் பின்னாட்களில், அந்தக் கடிதத்தால் தன் கொம்பனிக்கு மில்லியன் கணக்கான டொலர் வியாபாரம் கிடைத்தது என்று சொல்லிவந்தார். இன்றைக்கு எல்லோரும் அவரை முதல் "ஸ்பாம்" அனுப்பியவர் என்று நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. அவர் யாருடைய முகவரியையும் களவெடுக்கவில்லை. அவை ஏற்கனவே இருந்தன, அச்சில் வெளிவந்திருந்தன. முகவரி கையில் இருக்கிறது, ஆகவே அனுப்பலாம் என்று அவர் நினைத்தார். பெற்றவர்களோ, முகவரியைக் கொடுத்தது இதற்கில்லையே என்றார்கள். பிறகு வந்த சண்டை எல்லாம் இந்த இரண்டு வசனத்துக்கு இடையில்தான்.

லீவில் போனவரின் குறிப்பேடு

தேர்க்கின் கடிதம் கையால் அனுப்பப்பட்டது. மின்னஞ்சல் தானாகப் போகத் தொடங்கிய கதை வேறு. அதில் எனக்குப் பிடித்த பாத்திரம் "வெக்கேஷன்" என்ற ஒரு குட்டி நிரல். பெர்க்லி பல்கலைக்கழகத்து யுனிக்ஸ் வட்டாரத்தில் எரிக் ஓல்மன் எழுதியது. 1986இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி பதிப்பில் அது இருக்கிறது. நீங்கள் லீவில் போயிருக்கிற நேரம் யாராவது எழுதினால், "நான் இல்லை, வந்து பதில் போடுறன்" என்று உங்களுக்காக அது பதில் அனுப்பும்.

கேட்க லேசான வேலை. ஆனால் அதை எழுதியவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கோ. யாருக்கெல்லாம் பதில் போட்டாயிற்று என்று அது ஒரு குறிப்பேடு வைத்திருக்கும். ஒரே ஆளுக்கு ஒரு கிழமைக்குள் இரண்டாம் தரம் பதில் போகாது. கடிதத்தில் உங்கள் பெயர் நேரடியாகப் பெறுநராக இல்லாவிட்டால், அதாவது ஏதோ ஒரு பெரிய பட்டியலுக்கூடாக வந்திருந்தால், அது வாயே திறக்காது. இன்னொன்று, அது முன்னோக்கி மட்டும்தான் பார்க்கும். இயக்கிவிட்ட பிறகு வருகிற கடிதத்துக்குத்தான் பதில். பெட்டிக்குள் ஏற்கனவே கிடக்கிற பழைய கடிதங்களைக் கிண்டி எடுத்துப் பதில் போடாது.

2004இல் கீத் மூர் எழுதி வெளிவந்த, ஆர்எஃப்சி 3834 என்று இலக்கமிட்ட இணைய ஆவணம், தானியங்கிப் பதில்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. அதன் பல பரிந்துரைகள் இந்தப் பழைய நிரலின் பழக்கங்களை ஒத்தவை. தானாகப் பேசுகிற இயந்திரம் குறைவாகப் பேச வேண்டும், யாரோடு பேசியது என்று நினைவு வைத்திருக்க வேண்டும், தானே தொடங்கக் கூடாது. அது பொறியியலாளர்களின் மரியாதை.

இதே 1986இல் பாரிஸில் எரிக் தோமஸ் என்ற மாணவர் லிஸ்ட்சேர்வ் என்ற நிரலை எழுதினார். பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெற் வலையமைப்பில் அதற்கு முதல் மின்னஞ்சல் பட்டியல்களில் ஆக்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரு மனிதரின் வேலை. லிஸ்ட்சேர்வ் வந்த பிறகு, சேர விரும்புகிறவர் தானே ஒரு கட்டளை அனுப்பினால் சேரலாம், விலக விரும்பினால் தானே விலகலாம். சேருவது பெறுகிறவரின் செயல் என்ற எண்ணம் இதோடு பரவியது.

தொடர் கடிதங்களின் காலம்

1990களின் கடைசியில் வியாபாரம் உள்ளே வந்தது. 1998இல் ரொம் குல்சர் தொடங்கிய ஏவெபர் போன்ற சேவைகள், விசாரித்த வாடிக்கையாளருக்கு ஒரு பதில் மட்டும் அனுப்பி நிற்கவில்லை. முதலாம் நாள் ஒன்று, நாலாம் நாள் இன்னொன்று, பத்தாம் நாள் இன்னொன்று என்று ஒரு தொடரையே முன்கூட்டி எழுதி வைக்கலாம். 1999இல் எலோக்குவா, 2001இல் மெயில்சிம்ப், 2006இல் ஹப்ஸ்பொட் என்று வரிசையாக வந்தன. 1999இல் சேத் கோடின் எழுதிய "பெர்மிஷன் மார்க்கெற்றிங்" என்ற புத்தகத்தோடு "அனுமதி" என்ற சொல் அந்தத் தொழிலில் எல்லோர் வாயிலும் வந்தது.

இந்தத் தொடர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு தூண்டல் வேண்டும். யாரோ படிவம் நிரப்பினார், ஏதோ வாங்கினார், ஒரு இணைப்பை அழுத்தினார். அந்தச் சம்பவம் நடந்த நேரத்திலிருந்து மணிக்கூடு ஓடத் தொடங்கும். புதிதாக வருகிறவருக்கு இது அழகாகப் பொருந்தும். பழைய ஆக்களுக்கு என்ன செய்வது? அவர்களின் சம்பவம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டதே.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது என்று வையுங்கோ. பட்டியலில் 400 பேர். இப்போது புதிதாக மூன்று கடிதம் கொண்ட ஒரு தொடரை எழுதுகிறார்கள். சேர்ந்த அன்றே வரவேற்பு. ஏழாம் நாள் பழைய கட்டுரைகளின் பட்டியல். முப்பதாம் நாள் சந்தா கேட்டு ஒரு கடிதம். பழைய 400 பேரையும் இதற்குள் தள்ளினால் இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கலாம். இன்றைக்குத்தான் சேர்ந்தார்கள் என்று வைத்தால், வருஷக்கணக்காகக் கூட்டத்துக்கு வருகிறவருக்கும் வரவேற்புப் போகும், போன மாதம் சந்தா கட்டியவரிடமும் சந்தா கேட்கும். உண்மையாகச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால், மூன்று கடிதங்களுக்கும் நாள் கடந்துவிட்டது. கவனமில்லாமல் அமைத்த நிரல் மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்க் கொட்டும்.

இயந்திரத்துக்கு இதில் எது சரி என்று தெரியாது. பதிவேட்டில் முகவரி இருக்கிறது, நிபந்தனை பொருந்துகிறது, அவ்வளவுதான் அதன் அறிவு. அதனால்தான் பல மென்பொருள்கள் பழைய ஆக்களைத் தாமாகச் சேர்க்காமல் அந்தக் கேள்வியை மனிதரிடம் விட்டன. வெக்கேஷன் நிரலை எழுதியவர்கள் இயந்திரத்துக்குள்ளேயே வைத்த மரியாதை, இங்கே ஒரு பெட்டியாகச் சுருங்கி நம்முடைய கையில் வந்து சேர்ந்தது.

முகவரி அதேதான், ஆள் வேறு

பழைய முகவரிக்குப் பின்னால் அதே மனிதர்தான் இன்னும் இருக்கிறார் என்று என்ன நிச்சயம்? 2013 ஜூனில் யாஹூ ஒரு அறிவிப்பு விட்டது. 12 மாதமாகப் பாவிக்கப்படாத கணக்குப் பெயர்களை மீட்டு, கேட்கிற வேறு ஆக்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று. நல்ல பெயர் கிடைக்கிறதே என்று ஆக்கள் வாங்கினார்கள். சில மாதத்தில் முறைப்பாடு தொடங்கியது. முந்தைய சொந்தக்காரருக்குப் போக வேண்டிய கடிதங்கள், தனிப்பட்ட விபரங்களோடு, புதிய ஆளின் பெட்டிக்குள் வந்தன. அனுப்பியவர்கள் யாரும் தவறான முகவரி எழுதவில்லை. அவர்களின் பட்டியலுக்குத்தான் காலம் போனது தெரியவில்லை.

யாஹூவையும் பேஸ்புக்கையும் சேர்ந்த பொறியியலாளர்கள் இதற்கு ஒரு தீர்வு எழுதினார்கள். அது 2014 ஜூலையில் ஆர்எஃப்சி 7293 என்று வெளிவந்தது. கடிதத்தின் தலைப்பகுதியில் ஒரு திகதியைப் போடலாம். "இந்தத் திகதியிலிருந்து இந்தப் பெட்டி ஒரே ஆளிடம் இருந்தால் மட்டும் சேர்ப்பி, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு" என்பது அதன் பொருள். அது பரவலாகப் பாவனைக்கு வரவில்லை என்றாலும், அதிலுள்ள எண்ணம் பெரியது. முகவரி என்பது வெறும் எழுத்துக்கூட்டம். எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்தால்தான் அது ஒரு மனிதரைக் குறிக்கும்.

சட்டம் கடந்த காலத்தைத் தொட்ட விதம்

சட்டம் எழுதியவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிப்புரை, விளம்பர மின்னஞ்சலுக்கு முன்கூட்டிச் சம்மதம் வேண்டும் என்றது. ஆனால் ஏற்கனவே பொருள் வாங்கியவருக்கு அதேபோன்ற பொருளைப் பற்றி எழுத, விலகும் வழியும் கொடுத்தால், விட்டுக்கொடுத்தது. அமெரிக்கா 2003இல் கொண்டுவந்த கேன்-ஸ்பாம் சட்டம் மறுபக்கம் போனது: அனுப்பலாம், வேண்டாம் என்றால் 10 வேலை நாளுக்குள் நிறுத்து.

கனடாதான் பழைய பட்டியலை நேராகப் பார்த்துப் பேசியது. 2014 ஜூலை 1இல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏற்கனவே தொடர்பில் இருந்த வாடிக்கையாளர் விஷயத்தில் மூன்று வருஷ அவகாசம் கொடுத்தார்கள். பொதுவாக, ஒருவர் பொருள் வாங்கியதால் உண்டாகிற மறைமுகச் சம்மதத்துக்கு இரண்டு வருஷ ஆயுள். சம்மதம் பழுதாகும் என்று சட்டமே சொல்லிவிட்டது. இன்னொன்றும் சொன்னது: சம்மதம் கேட்டு அனுப்புகிற மின்னஞ்சலும் ஒரு வணிக மின்னஞ்சல்தான். அதாவது, "உங்களுக்கு எழுதலாமா" என்று கேட்டு எழுதவும் அனுமதி வேண்டும்.

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பிரித்தானியாவில் இதே இடத்தில்தான் பெரிய கொம்பனிகள் தடக்கி விழுந்தன. ஐரோப்பாவின் புதிய தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25இல் வரப்போகிறது என்று எல்லோரும் பட்டியலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த காலம். ஃப்ளைபீ என்ற விமான சேவை 2016 ஓகஸ்டில் 33 இலட்சம் மின்னஞ்சல் அனுப்பியது. உங்கள் விபரங்கள் சரிதானா பாருங்கோ, விருப்பத்தைப் புதுப்பியுங்கோ என்ற மாதிரி. பிரச்சினை என்னவென்றால், அதைப் பெற்றவர்கள் ஏற்கனவே வேண்டாம் என்று சொன்னவர்கள். தகவல் ஆணையாளர் அலுவலகம் 2017 மார்ச்சில் 70,000 பவுண்ஸ் தண்டம் போட்டது. ஹோண்டாவின் ஐரோப்பியக் கிளை 289,790 பேரிடம் தொடர்ந்து எழுதலாமா என்று கேட்டது. அந்த ஆக்கள் சம்மதித்ததற்கு ஆதாரம் காட்ட முடியவில்லை. 13,000 பவுண்ஸ். அதே வருஷம் ஜூனில் மொரிசன்ஸ் சுப்பர்மார்க்கெற்றுக்கு 10,500 பவுண்ஸ், விலகிய 130,671 பேருக்கு எழுதியதற்காக.

2018 மே மாதம் ஐரோப்பியர்களின் பெட்டிகளில் "எங்களோடு தொடர்ந்து இருங்கள்" என்ற கடிதங்கள் வெள்ளமாக வந்தது நினைவிருக்கலாம். அவற்றில் கணிசமானவை தேவையே இல்லாதவை. பழைய சம்மதம் புதிய விதியின் தரத்துக்கு ஏற்கனவே பொருந்தினால் மறுபடி கேட்க வேண்டியதில்லை என்று அந்த ஒழுங்குவிதியின் முன்னுரைப் பகுதியே சொல்கிறது. பொருந்தாத இடத்திலோ, அந்தக் கேட்கும் கடிதத்துக்கே அனுமதி இருந்ததா என்ற சந்தேகம். முதலாம் வகைக்குத் தேவையில்லை, இரண்டாம் வகைக்கு உரிமையில்லை!

எல்லோரும் இப்படிப் போக, ஜே.டி. வெதர்ஸ்பூன் என்ற மதுச்சாலைக் கொம்பனி 2017 ஜூனில் வேறொரு முடிவெடுத்தது. தன்னிடமிருந்த வாடிக்கையாளர் மின்னஞ்சல் பட்டியல் முழுவதையும் அழிக்கப் போவதாக அறிவித்தது. அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. அதன் பழைய இணையத்தளத்தின் தரவுத்தளம் ஊடுருவப்பட்டு, 656,723 வாடிக்கையாளர்களின் விபரங்கள் போன விஷயம் 2015 டிசம்பரில் வெளிவந்திருந்தது. பாவனையில் இல்லாத பழைய பெயர்களை வைத்திருப்பதே ஒரு ஆபத்து என்று பட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அதற்காகப் பழைய ஆக்களுக்கு எழுதவே கூடாது என்று முடிவுகட்டவும் முடியாது. தரவு திருடப்பட்டால் முதலில் எழுத வேண்டியது பழைய பட்டியலுக்குத்தான். வெதர்ஸ்பூனும் அப்போது வாடிக்கையாளருக்கு எழுதித்தான் விஷயத்தைச் சொன்னது. விற்ற பொருளில் ஆபத்தான கோளாறு தெரிந்தால், வாங்கிப் பத்து வருஷமானவருக்கும் சொல்ல வேண்டும். இங்கே கடிதத்தின் தேவை பெறுகிறவருடையது. சந்தா கேட்கிற கடிதத்தின் தேவை அனுப்புகிறவருடையது. பெட்டியில் சரி போட முதல் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன்: இந்தக் கடிதம் யாருக்குத் தேவை?

எங்கட பட்டியல்கள்

இலங்கையிலும் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும், செலவில்லாமல் விலகும் வழி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கியமான பகுதிகள் பிற்போடப்பட்டன. இடையில் தனியார் சேவைகள் ஒரு வேலையைச் செய்துவிட்டன. 2024 பெப்ரவரியிலிருந்து கூகிளும் யாஹூவும் பெருந்தொகையாக அனுப்புகிறவர்களுக்குப் புது விதி போட்டன: ஒரே அழுத்தில் விலக வழி வேண்டும், ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்தை எட்டக் கூடாது. மறந்துபோன பழைய ஆக்களுக்கு எழுதினால் அவர்கள் முதலில் அழுத்துவது அந்த ஸ்பாம் பொத்தானைத்தான்.

இது கொம்பனிகளின் கதை மட்டும் இல்லை. பட்டறை, புத்தக வெளியீடு, திரையிடல் என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு தாள் இருக்கும். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். எங்கட வயது ஆக்கள் நடத்துகிற ஒவ்வொரு குழுவிடமும் இப்படி ஒரு பட்டியல் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். அந்தத் தாளில் எழுதியவர் அன்றைய நிகழ்வுக்காக எழுதினார். அது அடுத்த வருஷம் ஒரு நிதி சேகரிப்புக்கும், அதற்கடுத்த வருஷம் ஒரு தேர்தல் வேட்பாளரின் கைக்கும் போகலாம். அங்கேயும் நடக்கிறது 1978இல் நடந்ததுதான்.

பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. அந்தத் தாளில் இன்னும் இரண்டு நிரல்களைக் கீறினால் போதும்: எப்போது தந்தார், எதற்காகத் தந்தார். அந்த இரண்டும் எழுதப்படாத பெயரை எந்தத் தொடருக்குள்ளும் தள்ளக் கூடாது. எவ்வளவு காலம் வைத்திருப்பது என்றும் முதலே தீர்மானித்து, அந்த நாள் வந்ததும் அழித்துவிட வேண்டும்.